தெரியாது என்று நான் சொன்ன இங்கிலீஷ்

கண்ணா,

போன ஞாயிற்றுக்கிழமை நீ ஜொகூரிலிருந்து போன் செய்து அந்தக் கேள்வியைக் கேட்டதும், அடுப்பில் பால் பொங்குகிறது என்று சொல்லி ரிசீவரை வைத்துவிட்டேன். அடுப்பில் பால் இல்லை. அடுப்பையே நான் பற்றவைக்கவில்லை. வக்கீல் ஆபீசில் பயிற்சிக்குச் சேர்ந்து நான்கு மாதம் ஆகவில்லை, அதற்குள் பழைய தீர்ப்புப் புத்தகத்தில் உன் அம்மாவைக் கண்டுபிடித்துவிட்டாய். ஏதோ கம்பெனி வழக்குக்காகத் தேடப்போனாயாம், நம் லோரி கம்பெனியின் பெயரைப் பார்த்தாயாம், பக்கத்தைப் புரட்டினால் என் பெயராம். "இந்தச் சாட்சி ஆங்கிலம் அறியாத எளிய குடும்பப் பெண். இவர் பொய் சொல்லக்கூடியவர் அல்ல என்று கருதுகிறேன்" என்று ஜட்ஜ் எழுதியிருந்ததைப் படித்துக்காட்டிவிட்டுச் சிரித்தாய். "ம்மா, உங்களுக்கா இங்கிலீஷ் தெரியாது? என் ஸ்பெல்லிங் எல்லாம் நீங்கதானே கரெக்ட் பண்ணீங்க?" என்றாய். அந்தச் சிரிப்பு பாதியில் நின்றதும் எனக்குக் கேட்டது.

தெரியும். நன்றாகவே தெரியும். கோர்ட்டில் சத்தியம் செய்துவிட்டுப் பொய் சொன்னேன். இதைச் சொல்ல வாய் வராததால்தான் இல்லாத பாலைப் பொங்கவிட்டேன். வக்கீலாகப் போகிறவனுக்கு அம்மா எழுதக்கூடிய கடிதமா இது என்று தெரியவில்லை. ஆனால் அடுத்த மாதம் உனக்குக் கல்யாணம். உன் மாமா வருவார். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. வந்து, தாய்மாமன் செய்யவேண்டியதையெல்லாம் ஒரு குறையில்லாமல் செய்து, மாலையை எடுத்துக் கொடுத்து, ஒரு வாய் தண்ணீர் குடிக்காமல், என்னிடம் ஒரு வார்த்தை பேசாமல் திரும்பிப் போவார். பதினைந்து வருடமாக அப்படித்தான் நடக்கிறது. மற்றவர்கள், அண்ணன் வந்தாரே, அதுவே போதாதா என்பார்கள். எனக்குப் போதாது. அவர் என்னைப் பாப்பா என்று கூப்பிடவேண்டும். ஐம்பது வயதுக்காரிக்கு இப்படியொரு ஆசையா என்று நீ கேட்டாலும் பரவாயில்லை, எனக்கு அதுதான் வேண்டும்.

நீ உன் மாமாவைச் சரியாக அறியமாட்டாய், அதுவும் என்னால்தான். எங்கள் அப்பா இறந்தபோது அண்ணன் தமிழ்ப்பள்ளியில் ஆறாவது முடித்திருந்தார். மேலே படிக்க அவருக்கும் ஆசை இருந்தது. நான் இரண்டாவது. அம்மா ஒருத்தி சம்பாதித்து இரண்டு பேரைப் படிக்கவைக்க முடியாது என்றானதும், அண்ணன் துறைமுகத்தில் மூட்டை தூக்கப் போனார். என்னைக் கொண்டுபோய்க் கிள்ளானில் சிஸ்டர்மார் நடத்திய இங்கிலீஷ் கான்வென்டில் சேர்த்தார். அம்மாவே வேண்டாம் என்றார்கள், பொம்பளைப் பிள்ளைக்கு எதற்கு என்று. "பாப்பா படிக்கட்டும், வீட்டுல ஒரு ஆளுக்காவது அவங்க பாஷ தெரியணும்" என்று அண்ணன் சொல்லிவிட்டார். காலையில் சைக்கிளில் முன்னால் என்னை உட்காரவைத்துக் கொண்டுபோவார். வழியில் ஒரு கடைப் பலகையைக் காட்டி, "அதுல என்ன போட்டிருக்கு?" என்பார். நான் முணுமுணுத்தால் சைக்கிளை நிறுத்திவிடுவார். "சத்தமா படி. எனக்குக் கேக்கணும்." ரொட்டிக்கடை, பல் டாக்டர், சவப்பெட்டிக் கடை என்று அந்த ரோட்டில் இருந்த பலகைகளையெல்லாம் நான் கத்திக் கத்திப் படித்திருக்கிறேன். சீனாக் கடைக்காரர்கள் எட்டிப் பார்த்துச் சிரிப்பார்கள். அண்ணனுக்கு அதில் ஒரு பெருமை.

என் கல்யாணத்துக்குப் பிறகும் அது விட்டுப்போகவில்லை. அப்போது அண்ணன் சொந்தமாக லோரி ஓட்டினார். ஞாயிறு காலையில் சந்து முனையில் இரண்டு தரம் ஹாரன் அடிக்கும். வாழையிலையில் தேங்காய்ப்பூவோடு கட்டிய புட்டு மாயம் ஒரு கையில், வாரம் முழுக்க வந்த இங்கிலீஷ் கடிதங்கள் இன்னொரு கையில். நான் முதலில் இங்கிலீஷில் படிப்பேன், அப்புறம் தமிழில் சொல்வேன். தமிழில் மட்டும் சொன்னால் ஒத்துக்கொள்ளமாட்டார். "மொதல்ல அவங்க சொன்னத சொல்லு, அப்பறம் நீ சொல்லு" என்பார். இன்றைக்கும் எந்த லோரியாவது இரண்டு தரம் ஹாரன் அடித்தால் நான் ஜன்னலுக்குப் போகிறேன். கிள்ளானை விட்டு இந்தப் பிரிக்ஃபீல்ட்ஸுக்குக் குடிவந்த பிறகும் போகிறேன். இங்கே நாலாவது மாடியிலிருந்து பார்த்தால் எல்லா லோரியும் ஒன்றுபோலத்தான் இருக்கிறது.

உன் அப்பா ஷிப்பிங் ஆபீசில் குமாஸ்தா. அண்ணனுக்கு ரோடு தெரியும், அப்பாவுக்குக் காகிதம் தெரியும். இரண்டு பேரும் சேர்ந்து கம்பெனி ஆரம்பித்தார்கள். அதைப் பதிவு செய்யப் பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு கம்பெனி செக்ரட்டரியிடம் போனோம். மச்சான்கள் இருவருக்கும் சரிபாதி என்றதும் அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, ரெண்டு பேருக்கும் ஒத்துவராவிட்டால் யார் முடிவு செய்வது என்று கேட்டார். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். "அதான் பாப்பா இருக்கே" என்றார் அண்ணன். "ஆமா, இவ இருக்காளே" என்றார் அப்பா. நடுவில் எனக்கு ஒரே ஒரு பங்கு எழுதினார்கள். நான் வெட்கப்பட்டுச் சிரித்துக்கொண்டிருந்தேன். அந்த ஒரு பங்கு யார் பக்கம் சாய்கிறதோ அவர் பக்கம் கம்பெனி சாயும் என்று அன்றைக்கு எங்கள் மூன்று பேருக்குமே தோன்றவில்லை.

உனக்கு எந்தச் சட்டப் புத்தகத்திலும் கிடைக்காத ஒன்றைச் சொல்கிறேன், குறித்துக்கொள். நம் ஆட்களின் கம்பெனிகளில் வீட்டுப் பெண்கள் கையெழுத்துப் போடுவது எப்படித் தெரியுமா? செக்ரட்டரி ஆபீசிலிருந்து ஒரு குமாஸ்தா கட்டுக் காகிதத்தோடு வீட்டுக்கு வருவார். எங்கெங்கே கையெழுத்து வேண்டுமோ அங்கெல்லாம் பென்சிலால் சின்னதாக ஒரு பெருக்கல் குறி போட்டிருக்கும். சமையல் மேசையைத் துடைத்துவிட்டு அம்மாக்கள் உட்காருவார்கள். குறி இருக்கும் இடத்தில் பேனா போகும், அடுத்த தாள், அடுத்த குறி. கூட்டமே நடக்காத கூட்டத்தின் குறிப்பு அதில் இருக்கும், நாம் வராத இடத்துக்கு வந்ததாக இருக்கும். முடிந்ததும் குமாஸ்தா ரப்பரை எடுத்துக் குறிகளை அழித்து, தூளை ஊதிவிட்டு, காப்பி குடித்துவிட்டுப் போவார். எங்கள் தெருவில் மட்டும் இப்படி ஏழெட்டு டைரக்டர்கள் இருந்தோம். ஒருத்திக்கும் தன் கம்பெனி என்ன செய்கிறது என்று தெரியாது. எனக்குப் படிக்கத் தெரியும், ஆனால் நானும் படிக்கமாட்டேன். கட்டிய புருஷன் கொண்டுவந்த காகிதத்தைப் படித்துப் பார்த்தால் அவரைச் சந்தேகப்படுவதாக ஆகிவிடுமாம். அப்படியொரு மரியாதை எங்களுக்கு.

உனக்கு எட்டு வயது இருக்கும்போது சண்டை வந்தது. துறைமுகத்தில் கொண்டெய்னர் பெருகிவிட்டது. அப்பாவின் சிநேகிதர் ஒருவரிடம் பெரிய டிரெய்லர்கள் இருந்தன. அவரைச் சேர்த்துக்கொண்டு, புதிதாகப் பங்கு வெளியிட்டு அவருக்குக் கொடுக்கலாம் என்றார் அப்பா. "அந்த ஆள உள்ள விட்டா நாம ரெண்டு பேருமே வெளிய போயிடுவோம் மச்சான்" என்றார் அண்ணன். பேச்சு முற்றியது. அண்ணன் அப்பாவைக் காகிதம் கிறுக்கும் கிராணி என்றார், அப்பா அண்ணனை மூட்டைக்காரன் என்றார். பங்குதாரர் கூட்டத்தில் ஓட்டெடுத்து முடிவு செய்துகொள்வது என்று ஆயிற்று. அந்த ஞாயிற்றுக்கிழமை அண்ணன் வந்தபோது அவரிடம் ஒரே ஒரு தாள்தான் இருந்தது. என் ஓட்டை என் சார்பில் அவர் போடலாம் என்று நான் எழுதிக்கொடுக்கும் தாள். வழக்கம்போல முதலில் இங்கிலீஷில் படித்தேன், பிறகு தமிழில் சொன்னேன். "ஒனக்குச் சம்மதம்னா போடு. மச்சான் கிட்ட நானே சொல்லிக்கறேன், ஒன்ன இழுக்கமாட்டேன்" என்றார். முழுமனதோடு கையெழுத்துப் போட்டேன். அதில் பென்சில் குறி கிடையாது. எங்கே போடவேண்டும் என்று படித்துத் தெரிந்துகொண்டு நானே போட்டேன்.

சொன்னபடியே அண்ணன் அதை அப்பாவிடம் சொல்லிவிட்டார். இரண்டு நாள் கழித்துக் குமாஸ்தா கட்டோடு வந்தார். அப்பா வழக்கத்துக்கு மாறாக என் நாற்காலிக்குப் பின்னால் நின்றார். "சீக்கிரம் போடு, ஆபீஸ மூடிடுவாங்க" என்றார். நாலைந்து தாள் போட்டேன். அடுத்ததில் மேலேயே என் பெயர் இருந்தது, முன்பு கொடுத்தது ரத்து என்ற வார்த்தையும் இருந்தது. கண்ணை அந்த இடத்திலேயே நிறுத்திக்கொண்டேன். மேலே படித்தால் கையெழுத்துப் போட முடியாது என்று எனக்குத் தெரியும், அதனால் படிக்கவில்லை. குறி இருந்த இடத்தைத் தேடிப் போட்டேன். அப்பா இப்போது இல்லை, பழியை அவர் தலையில் கட்டிவிட எனக்கு வசதியாகத்தான் இருக்கிறது. ஆனால் அவர் என் கையைப் பிடிக்கவும் இல்லை, மிரட்டவும் இல்லை. பின்னால் நின்றார், அவ்வளவுதான்.

கூட்டத்தில் அண்ணன் என் தாளை எடுத்து வைத்தார். என் ஓட்டைத் தனக்குத் தரும் இரண்டாவது தாளை அப்பா எடுத்து வைத்தார். பிந்திய தாள்தான் செல்லும் என்று முடிவாகி, சிநேகிதருக்குப் பங்கு போனது. சரிபாதியாக இருந்த அண்ணன் ஒரே மத்தியானத்தில் சிறுபான்மை ஆனார். அடுத்த மாதம் டைரக்டர் பதவியும் போயிற்று. கூட இருந்தவர்களே ஒரு பங்குதாரரை ஓரங்கட்டி நசுக்கினால் கோர்ட்டில் மனுப் போட வழி உண்டு என்று யாரோ சொல்ல, அவர் போட்டார். புதிய பங்கை ரத்து செய்யவேண்டும், தங்கை என்னவென்று தெரியாமல்தான் இரண்டாவது தாளில் கையெழுத்துப் போட்டாள் என்பது அவருடைய வாதம். அப்போதும் என்னைத் திருடி என்று அவர் சொல்லவில்லை, தெரியாமல் போட்டாள் என்றுதான் சொன்னார். அப்பாவின் வக்கீல் அதையே திருப்பிப் போட்டார். "அக்காவுக்கு இங்கிலீஷ் தெரியாதுன்னு வச்சுக்குவோம். அண்ணன் தந்த பேப்பர் என்னான்னு தெரியாமப் போட்டீங்க. சார் தந்த பேப்பர தமிழ்ல விளக்கினாரு, சம்மதிச்சுப் போட்டீங்க. சிம்பிள் லா." படித்துப் போட்டதைப் படிக்காமல் போட்டதாகவும், படிக்காமல் போட்டதைத் தெரிந்து போட்டதாகவும் மாற்றிவிட்டால் போதும். அப்பா என்னைப் பார்த்து, "நீ யார் பக்கம்?" என்று மட்டும் கேட்டார். நீ உள்ளறையில் கணக்குப் பாடம் எழுதிக்கொண்டிருந்தாய்.

கோலாலம்பூரில் மணிக்கூண்டு இருக்கிற அந்தப் பழைய கட்டடத்தில்தான் விசாரணை. இப்போது வணிக வழக்குக்கென்று தனிப் பிரிவு வந்துவிட்டது என்கிறாய். கம்பெனிச் சண்டையை மட்டுமே கேட்க ஒரு தனி நடுவர் மன்றம் இருந்தால் இன்னும் நல்லது என்று உன் சீனியர் சொல்வதாகவும் சொன்னாய். எங்கள் காலத்தில் அப்படி எதுவும் இல்லை. எங்களுக்கு முன்னால் ஒரு கொலை வழக்கு, எங்களுக்குப் பின்னால் ஒரு விவாகரத்து, நடுவில் நாங்கள். கூண்டில் ஏறி, இங்கிலீஷ் தெரியாது, தமிழில் கேளுங்கள் என்றேன். பக்கத்தில் இன்டர்பிரெட்டர் நின்றார். கஷ்டம் என்னவென்றால், கேள்வி எனக்கு முதலிலேயே புரிந்துவிடும். அவர் தமிழில் சொல்லி முடிக்கிறவரை முகத்தைக் கல்லாக வைத்துக்கொண்டு காத்திருக்கவேண்டும். ஒரு கட்டத்தில் ஜட்ஜ், லோரியைவிட மெதுவாக இந்த வழக்கு நகர்கிறதே என்று இங்கிலீஷில் ஒரு வேடிக்கை சொன்னார். என்னை அறியாமல் சிரித்துவிட்டேன். இன்டர்பிரெட்டர் இன்னும் வாயே திறக்கவில்லை. யாரும் கவனிக்கவில்லை, அண்ணன் மட்டும் கவனித்தார். அவர் முகத்தில் கோபம் இல்லை, கண்ணா. கோபம் இருந்திருந்தால் நான் பிழைத்திருப்பேன்.

அவருடைய வக்கீல் கெட்டிக்காரர். இரண்டாவது தாளை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, கையெழுத்துக்குப் பக்கத்தில் பென்சில் அழித்த தடம் இருக்கிறது, இதை யார் போட்டது என்று கேட்டார். தெரியாது என்றேன். முதல் தாளில் அந்தத் தடம் ஏன் இல்லை என்றார். தெரியாது என்றேன். ஒரு பென்சில் கோட்டுக்கும் இந்த வழக்குக்கும் என்ன சம்பந்தம் என்று ஜட்ஜ் அலுத்துக்கொண்டார். நல்ல மனிதர்தான், ஆனால் காலையில் கொலை வழக்குக் கேட்டவர். நூறு குடும்பக் கம்பெனிகளைப் பார்த்துச் சலித்த ஒருவர் அங்கே உட்கார்ந்திருந்தால் அந்தத் தடத்தைப் பார்த்ததும் என்னைப் பார்த்திருப்பார். உன் சீனியர் சொல்லும் தனி மன்றம் எதற்கு உதவும் என்று எனக்குத் தெரியாது, இதற்கு உதவியிருக்கும். பிறகு அந்த வக்கீல், "எந்த ஸ்கூலில் படித்தீர்கள்?" என்று ஆரம்பித்தார். கான்வென்ட் என்று சொன்னால் என் பொய் அங்கேயே உடைந்துவிடும். அதற்குள் பின்னாலிருந்து அண்ணன் அவர் கறுப்பு அங்கியைப் பிடித்து இழுத்தார். வக்கீல் குனிந்தார், ஏதோ பேசினார்கள், வக்கீல் தலையை ஆட்டி மறுத்தார், அண்ணன் விடவில்லை. வேறு கேள்வி இல்லை என்று சொல்லிவிட்டு அவர் உட்கார்ந்துவிட்டார். இன்டர்பிரெட்டர் அதையும் எனக்குத் தமிழில் சொன்னார்.

மனு தள்ளுபடி ஆயிற்று. அண்ணன் மேல்முறையீடு செய்தார். அங்கே மூன்று ஜட்ஜுகள். மறுபடி என்னைக் கூப்பிடுவார்கள், இந்தத் தடவை உண்மையைச் சொல்லிவிடுவேன் என்று எனக்கு நானே சத்தியம் செய்துகொண்டு நல்ல சேலை உடுத்திப் போனேன். யாரும் கூப்பிடவில்லை. மேல்கோர்ட்டில் சாட்சியைக் கேட்கமாட்டார்கள், கீழே சொன்னதை டைப் அடித்துப் புத்தகமாகக் கட்டி அதைத்தான் படிப்பார்கள் என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. நான் தெரியாது, தெரியாது என்று சொன்னதெல்லாம் வரிசையாக நம்பர் போட்டு அதில் இருந்தது. அந்த இரண்டு தாள்களையும் போட்டோகாப்பி எடுத்துச் சேர்த்திருந்தார்கள். போட்டோகாப்பியில் பென்சில் தடம் விழவில்லை. சாட்சியை நேரில் பார்த்த ஜட்ஜே நம்பியிருக்கிறார், நாங்கள் அதில் தலையிடக் காரணம் இல்லை என்று அரை மணி நேரத்தில் முடித்துவிட்டார்கள். கடைசி வரிசையில் உட்கார்ந்து நான் ஒவ்வொரு வார்த்தையையும் புரிந்துகொண்டேன். இன்னும் லண்டன் வரைக்கும் போகலாம் என்று அவருடைய வக்கீல் வாசலில் சொல்லிக்கொண்டிருந்தார். "போதும் லா" என்று அண்ணன் படியிறங்கிப் போனார். ஓடிப்போய்ச் சட்டையைப் பிடிக்கவேண்டும் போல இருந்தது. அப்பா பக்கத்தில் இருந்தார், நான் ஓடவில்லை.

அதற்கப்புறம் வெளியே இங்கிலீஷ் பேசவே எனக்குக் கூசியது. கிளினிக்கிலும் பேங்கிலும் உன்னை முன்னால் தள்ளிவிட்டேன், உனக்கு ஞாபகம் இருக்கும். வீட்டுக்குள் கதவைச் சாத்திக்கொண்டு உனக்கு ஸ்பெல்லிங் சொல்லிக்கொடுத்தேன். கம்பெனி என்ன ஆயிற்று என்பது உனக்கே தெரியும். மாமாவை ஓரங்கட்டிய அதே வழியில் சிநேகிதர் அப்பாவையும் ஓரங்கட்டினார், கிள்ளான் வீடும் போயிற்று. அப்பா அதைப் பற்றிப் புலம்பியதே இல்லை. ஒரே ஒரு நாள், பேப்பர் படித்துக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து, "ஒங்கண்ணன் இருந்திருந்தா என்னை இப்படி விட்டிருக்கமாட்டாரு" என்றார். அதையும் போய் அண்ணனிடம் சொல்லவேண்டும் என்று துடித்தேன். யாரிடம் என்ன கேட்டாலும் அண்ணனிடம் சொல்லவேண்டும் என்றுதான் எனக்குத் தோன்றும், இன்றைக்கும். மூன்று வருடத்துக்கு முன் அப்பா இறந்தபோது அண்ணன் பிறந்த வீட்டுக் கோடியோடு வந்தார். என் தோளில் சேலையைப் போர்த்தினார். நான் "அண்ணே" என்றேன். அவர் திரும்பி வாசலுக்குப் போய்விட்டார்.

இதிலிருந்து நீ என்ன எடுத்துக்கொள்வாயோ தெரியாது. உன் ஆபீசுக்கு ஏதாவது ஒரு ஆன்டி சேலைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டு வந்து, எனக்கு ஒன்றும் தெரியாது தம்பி என்று சொன்னால், நம்பிவிடாதே, திட்டவும் செய்யாதே. பென்சில் குறி போட்டது யார், அப்போது பின்னால் நின்றது யார் என்று கேள். உனக்கு வரப்போகிறவளை நாளைக்கு எந்தக் கம்பெனியிலாவது டைரக்டராகப் போட்டால், அவள் படித்து முடிக்கிறவரை பேனாவைக் கையில் கொடுக்காதே. அவள் நாற்காலிக்குப் பின்னால் நிற்காதே. எதிரில் உட்கார். அப்புறம், என்மேல் உனக்குக் கோபம் வந்தால் அதைப் போனில் சொல்லிவிடு. மரியாதைக்காகப் பேசாமல் இருந்துவிடாதே, அது எப்படி இருக்கும் என்று எனக்கு நன்றாகத் தெரியும்.

இதுவரை எழுதி மடித்து வைத்துவிட்டு நேற்றுப் பண்டமாரானில் மாமா வீட்டுக்குப் போய்வந்தேன். உன் கல்யாணப் பத்திரிகையை முதலில் மாமாவுக்குத்தான் வைக்கவேண்டும். வெற்றிலை பாக்குத் தட்டோடு ரயிலேறிக் கிள்ளானில் இறங்கி, டாக்சி பிடித்தேன். வழியெல்லாம் சொல்லவேண்டியதை மனப்பாடம் செய்தேன். அண்ணன் வாசலில் பள்ளிப் பிள்ளைகளை ஏற்றும் வேனைத் துடைத்துக்கொண்டிருந்தார். முடி முழுக்க நரைத்துவிட்டது. என்னைப் பார்த்துத் துணியைப் பிழிந்து காயப்போட்டுவிட்டு உள்ளே போனார். அண்ணி, "வாங்க" என்றார். அவர்கள் வீட்டு மருமகள் நாற்காலி போட்டாள். தட்டை நீட்டினேன், அண்ணன் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். மனப்பாடம் செய்தது ஒன்றும் வரவில்லை.

"அண்ணே, அன்னைக்குக் கோர்ட்டுல நான் பொய் சொன்னேன்" என்றேன். "ஒங்க பேப்பர படிச்சுத்தான் போட்டேன். அவரு கொண்டாந்தத படிக்கவே இல்ல. படிச்சா போடமுடியாதுன்னு படிக்கல."

அண்ணி கையிலிருந்த செம்பைக் கீழே வைத்தார். அண்ணன் தட்டிலிருந்த பத்திரிகைக் கவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். "எனக்குத் தெரியாதா?" என்றார். "ஜட்ஜு ஜோக்கு சொன்னாரு, நீ சிரிச்ச."

"பின்ன ஏண்ணே லாயர இழுத்து உட்கார வச்சீங்க? ஸ்கூல் பேர கேட்டிருந்தா நீங்கதானே ஜெயிச்சிருப்பீங்க?"

"ஒன்ன அந்த ஸ்கூல்ல சேத்தது எதுக்கு? அத வச்சே ஒன்னப் பொய்க்காரின்னு நாலு பேரு முன்னாடி நிறுத்துறதுக்கா?" அப்போதுதான் குரல் உயர்ந்தது. "லோரி போச்சு, போகட்டும். தெரியாதுன்னு சொன்னியே, அதான் எனக்கு ஆறல. எவ்ளோ வருசம் சைக்கிள் மிதிச்சிருக்கேன் நான்."

எனக்கு அழுகை வந்துவிட்டது. யாரும் தேற்றவில்லை, தேற்றவேண்டும் என்று நான் எதிர்பார்க்கவும் இல்லை. அவர் கவரைப் பிரித்துப் பத்திரிகையை எடுத்தார். ஒரு பக்கம் தமிழ், மறுபக்கம் இங்கிலீஷ். தமிழ்ப் பக்கத்தை விரல் வைத்து, உன் பெயர், பெண் பெயர், தன் பெயர் எல்லாம் நிதானமாகப் படித்தார். பிறகு திருப்பி என்னிடம் நீட்டினார்.

"இதுல என்ன போட்டிருக்கு?"

"அதேதாண்ணே. தமிழ்ல இருக்கறதேதான்."

"எனக்கு எப்படித் தெரியும்? படி."

நான் தமிழில் சொல்ல ஆரம்பித்தேன். அவர் கையைக் காட்டி நிறுத்தினார்.

"மொதல்ல அவங்க பாஷையில. சத்தமா படி, எனக்குக் கேக்கணும். இங்க இன்டர்பிரெட்டர் யாரும் இல்ல, பாப்பா."

கண்ணைத் துடைத்துக்கொண்டு, அண்ணியும் மருமகளும் பார்த்துக்கொண்டிருக்க, எழுந்து நின்று, உன் கல்யாணப் பத்திரிகையை இங்கிலீஷில் முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை கத்திப் படித்தேன்.

அம்மா